நாலாம் முகட்டுக்கு மேலே ஒரு புள்ளி

கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்குப் பருந்தின் நிழல் எப்படியிருக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. முற்றத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் தாய்க்கோழி சட்டென்று குரலை மாற்றும். குஞ்சுகள் எல்லாம் அதன் இறக்கைக்குள் ஓடி ஒடுங்கும். எங்கள் பாட்டி கையில் கிடைத்த விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்துக் கத்துவார். வட்டமிடுவது கரும்பருந்தா, வல்லூறா, வேறு ஏதாவதா என்ற ஆராய்ச்சி அவருக்கு இல்லை. மேலே சுற்றுவதெல்லாம் பருந்து, பருந்தெல்லாம் திருடன். அவ்வளவுதான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பண்ணைக்காரர்களும் நூறு வருடத்துக்கு முன்னால் இதே கட்சிதான். ஒரு வித்தியாசம், அவர்கள் கையில் விளக்குமாறு இல்லை, துப்பாக்கி இருந்தது. 1929-இல் அந்த மாநிலத்து வேட்டைத் துறை இன்னும் ஒரு படி மேலே போய், காஷாக் எனப்படும் பெரிய வைரி ஒன்றைக் கொன்று கொண்டுவந்தால் 5 டாலர் என்று பரிசு அறிவித்தது. பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா முழுக்க வேலையில்லாமல் திண்டாடப்போகிற காலம் அது. 5 டாலர் லேசான பணம் இல்லை. காஷாக்கையும் மற்றப் பருந்துகளையும் பிரித்தறிய யாருக்கும் தெரியவும் இல்லை, அதற்குப் பொறுமையும் இல்லை. பறந்ததையெல்லாம் சுட்டார்கள்.

சுடுவதற்கு வசதியான இடம் ஒன்றும் அங்கே இருந்தது. அப்பலாச்சியன் மலைத்தொடரின் கிழக்கு விளிம்பில் கிட்டட்டினி என்றொரு முகடு, பல நூறு கிலோமீட்டருக்கு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரே சுவர் போல ஓடுகிறது. அதில் ஓரிடத்தில் காடு விலகி, பாறைகள் குவிந்து, 1,500 அடி உயரத்தில் ஒரு திறந்த மேடை போல இருக்கும். இலையுதிர்காலத்தில் தெற்கே போகும் இரைகொல்லிப் பறவைகள் அந்த மேடையை ஒட்டித்தான் போகும். சில சமயம் பார்ப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே, முதுகு தெரிகிற மாதிரி பறக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களில் கூட்டம் கூட்டமாக வந்து சுட்டுத் தள்ளினார்கள். தின்பதற்கு இல்லை, விற்பதற்கும் இல்லை. விழுந்தவை விழுந்த இடத்திலேயே கிடந்தன. இறக்கை முறிந்தவை சாக நாளாகும்.

பறவைகள் ஏன் மற்ற வழியெல்லாம் விட்டுவிட்டு அந்த முகட்டின் மேலேயே போகின்றன? சிறகடித்துப் பறப்பது செலவு பிடித்த வேலை. கனமான உடலும் அகன்ற சிறகும் கொண்ட பறவைக்கு இன்னும் அதிகச் செலவு. சிறகை விரித்தபடி அசையாமல் மிதந்தால் செலவு மிகக் குறைவு. ஆனால் அப்படி மிதக்கும் பறவை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை எப்போதும் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கு விதிவிலக்கே கிடையாது. அப்படியானால் கீழே விழாமல் எப்படிப் போகிறது? காற்றே மேலே ஏறிக்கொண்டிருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. மேலே ஏறும் எஸ்கலேட்டரில் நின்றுகொண்டு ஒருவர் மெதுவாகக் கீழ்ப்படிகளில் இறங்கினால் என்ன ஆகும்? இறங்கினாலும் மேலே போவார். அதே கணக்குதான்.

கிட்டட்டினியில் குளிர்காற்று அலை ஒன்று கடந்துபோன மறுநாள் வடமேற்கிலிருந்து காற்று வீசும். நீளவாக்கில் நிற்கும் மலைச்சுவரில் மோதிய காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. அந்த ஏறுகாற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டால், ஒரு சிறகடிப்புக்கூட இல்லாமல் மணிக்கணக்கில் தெற்கே சறுக்கிக்கொண்டு போகலாம். செவ்வால் பருந்தும் பொன்னிறக் கழுகும் அப்படித்தான் போகின்றன.

காற்று வீசாத வெயில் நாளில் வேறு வழி. வெயில் பட்ட வயல்வெளியும் பாறையும் சூடேற, அங்குள்ள காற்று லேசாகிக் குமிழ் குமிழாக மேலெழும். பருந்து அந்தக் குமிழுக்குள் நுழைந்து வட்டமடித்து உயரே போய், உச்சியை அடைந்ததும் சிறகைச் சற்று மடக்கி அடுத்த குமிழை நோக்கிச் சறுக்கும். செப்டம்பர் நடுவில் வரும் அகலச்சிறகுப் பருந்துகள் இந்தக் கலையில் கெட்டிக்காரர்கள். அரைக் கிலோவுக்கும் குறைவான எடை. வட அமெரிக்கக் காடுகளிலிருந்து தென் அமெரிக்கா வரை பல ஆயிரம் கிலோமீட்டரை இப்படி ஏறி இறங்கியே கடக்கின்றன. எழுகாற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பருந்து ஓரிடத்தில் வட்டமிட்டு ஏறுவது மற்றப் பருந்துகளின் கண்ணுக்குத் தெரியும். உடனே அக்கம்பக்கத்தில் உள்ளவையெல்லாம் அங்கே வந்து சேரும். நூறு, இருநூறு பறவைகள் ஒரே குமிழில் சுற்றும்போது பார்த்தால், உலை கொதித்து அரிசி சுழல்வது போலவே இருக்கும். அமெரிக்கர்கள் அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயரும் சமையலறையிலிருந்து வந்ததுதான்: கெட்டில்.

1932-இல் ரிச்சர்ட் பவ் என்ற இளைஞர் இந்த இடத்துக்கு வந்தார். சுட்டு வீழ்த்தப்பட்டுக் காட்டுக்குள் கிடந்த பருந்துகளைப் பொறுக்கி வந்து, தரையில் வரிசை வரிசையாக அடுக்கிப் புகைப்படம் எடுத்தார். அந்த மலையைப் பற்றி வெளியுலகுக்குப் போன முக்கியமான முதல் கணக்கு, பிணக்கணக்குதான்.

அந்தப் படங்கள் நியூயார்க்கில் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணியின் பார்வைக்கு வந்தன. 1877-இல் பிறந்தவர், வசதியான குடும்பம், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிப் பழகியவர். பெரிய பறவைச் சங்கங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, இவர் 1934-இல் அந்த மலையில் 1,400 ஏக்கரை ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்தார். குத்தகைப் பணம் 500 டாலர். துப்பாக்கிக்காரர்களை எதிர்த்து வழக்குப் போடவில்லை, சட்டம் கேட்டு மனுப் போடவில்லை. நிலம் என்னுடையது, உள்ளே வராதே. சொத்துரிமையைச் சாமியாகக் கும்பிடும் நாட்டில் இதைவிடக் கூர்மையான ஆயுதம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் அந்த நிலத்தை விலைக்கே வாங்கி, 1938-இல் ஒரு சங்கத்திடம் ஒப்படைத்தார். இன்றைக்கு ஹாக் மவுன்டன் சரணாலயம் என்று உலகமே அறிந்த இடம் அது. இரைகொல்லிப் பறவைகளைக் காப்பதற்கென்றே உருவான உலகின் முதல் சரணாலயம்.

காவலுக்கு மாரிஸ் பிரவுன் என்ற இளம் பறவையியலாளரும் அவர் மனைவி இர்மாவும் வந்தார்கள். 1934 செப்டம்பர். இர்மா மலைப்பாதையின் வாயிலில் உட்கார்ந்துகொண்டார். துப்பாக்கியோடு வந்து கத்தியவர்களையெல்லாம் திருப்பி அனுப்பும் வேலை அவருடையது. மாரிஸ் மேலே பாறையில் ஏறி உட்கார்ந்து, போகிற பறவைகளை எண்ண ஆரம்பித்தார். அவர் எதையும் நிரூபிக்க எண்ணவில்லை. என்ன இனம், எத்தனை, என்றைக்கு, காற்று எந்தத் திசை என்று எழுதி வைத்தார். இந்தப் பழக்கம்தான் பிறகு பெரிய விஷயமாயிற்று.

அந்தப் பாறை மேட்டில் எண்ணும் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆகஸ்ட் 15-இல் ஆரம்பித்து டிசம்பர் 15 வரை, நாள் தவறாமல் யாராவது ஒருவர் பாறையில் இருப்பார். மடியில் ஒரு படிவம், கழுத்தில் பைனாகுலர், பையில் ரொட்டி. எதிரே வடகிழக்கில் மலைமுகடு ஐந்து மேடுகளாகத் தெரிகிறது. அவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று எண்தான் பெயர். 'நாலுக்கு மேலே ஒன்று, இடப்பக்கம் நகர்கிறது' என்று ஒருவர் சொன்னால் அத்தனை பைனாகுலர்களும் அங்கே திரும்பும். அந்த 'ஒன்று', முதலில் வெள்ளைத் துணியில் விழுந்த மிளகுத்தூள் அளவுதான் இருக்கும். நிறம் தெரியாது, அலகு தெரியாது. பறக்கும் தோரணை மட்டும் தெரியும். அதுவே போதும் என்கிறார்கள் பழகியவர்கள்.

பலகையை நீட்டிப் பிடித்தது போல சிறகு தட்டையாக இருந்தால் வெண்தலைக் கழுகு. ஆங்கில 'எம்' எழுத்து போல சிறகு முழங்கையில் வளைந்திருந்தால் விராலடிப்பான். சிறகைத் தூக்கி 'வி' போல வைத்துக்கொண்டு குடிகாரன் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடினால் அது டர்க்கி வல்ச்சர் என்னும் பிணந்தின்னி. படபடவென்று நாலைந்து சிறகடிப்பு, பிறகு ஒரு சறுக்கல், மறுபடி படபடப்பு என்றால் நம்மூர் வல்லூறின் உறவுக்காரர்களில் ஒன்று. நெருங்கி வந்த பிறகு நிறம் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். எதிரே ஒரு கம்பின் நுனியில் பிளாஸ்டிக் ஆந்தை ஒன்றை நட்டு வைத்திருப்பார்கள். ஆந்தையைக் கண்டால் பருந்துகளுக்கு ஆகாது. பாய்ந்து தாக்க வரும்போது நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மேகமில்லாத நீலவானம் அழகு என்று நாம் நினைப்போம். எண்ணுபவர்களுக்கு அது பிடிக்காது. மேகப் பின்னணியில் புள்ளி பளிச்சென்று தெரியும், நீலத்தில் கரைந்துவிடும். உயரப் பறக்கும் கூட்டம் ஒன்று தலைக்கு மேலேயே போனாலும் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடலாம்.

கெட்டிலை எண்ணுவது தனிக் கலை. சுழலும்போது எண்ணினால் ஒரே பறவையை மூன்று முறை எண்ணிவிடுவோம். ஆகவே காத்திருக்க வேண்டும். உச்சிக்குப் போன பறவைகள் அடுத்த குமிழை நோக்கி ஒவ்வொன்றாகச் சறுக்க ஆரம்பிக்கும். நூல் கண்டிலிருந்து இழை பிரிவது போல ஒரு வரிசை நீளும். அந்த இழையைத்தான் எண்ணுவார்கள். சின்னக் கூட்டமென்றால் ஒவ்வொன்றாக, பெரிதென்றால் பத்துப் பத்தாக, விரலால் அமுக்கும் எண்கருவியைத் தட்டிக்கொண்டே. 1978 செப்டம்பரில் ஒரே நாளில் 21,000-க்கும் மேற்பட்ட அகலச்சிறகுப் பருந்துகள் அந்த முகட்டைக் கடந்தன. ஒரு முழுப் பருவத்தின் சராசரியே, எல்லா இனமும் சேர்த்து, 18,000 அளவில்தான். அன்றைக்கு எண்ணியவருக்கு விரல் வீங்கியிருக்க வேண்டும்.

ஆனால் அப்படிப்பட்ட நாள் வாழ்நாளில் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலான நாட்கள் வெறும் காத்திருப்பு. மூடுபனி, மழை, கொட்டாவி. அன்றைக்கும் படிவத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்: எத்தனை மணி நேரம் பார்த்தோம், எத்தனை பேர் பார்த்தோம், எவ்வளவு தூரம் தெரிந்தது, வந்தது பூஜ்யம். பார்த்த நேரம் தெரியாவிட்டால் பார்த்த எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை. பத்து மணி நேரத்தில் பத்துப் பறவையும் ஒரு மணி நேரத்தில் பத்துப் பறவையும் ஒன்றாகிவிடுமா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். அந்த முகட்டின் மேலே போகாமல் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போகிற பறவைகளை என்ன செய்வது? ஒரு வருடம் காற்று மாறி எல்லாம் வேறு வழியில் போய்விட்டால்? ஒருவருக்குக் கண் கூர்மை, இன்னொருவருக்கு இல்லை என்றால்? சந்தேகம் சரியானதே. பாறையில் உட்கார்ந்து எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அல்ல. சோற்றுப் பானையில் கையை விட்டு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது போல. ஒரு வருட எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இருபது, முப்பது வருடம் ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ணினால் காற்றின் குறும்பும் கண்ணின் பிழையும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, அடியில் இருக்கும் ஏற்றமோ இறக்கமோ தெரிய ஆரம்பிக்கும்.

இதைவிட நம்பகமான ஒன்றும் அந்தப் படிவங்களில் ஒளிந்திருந்தது. வெண்தலைக் கழுகுக்குப் பிறந்ததுமே தலை வெளுத்துவிடாது. முதல் சில வருடங்கள் உடம்பு முழுக்கக் கருந்தவிட்டு நிறம். வெள்ளைத் தலையும் வெள்ளை வாலும் முழுதாக வர ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். தொலைவிலிருந்தே முதிர்ந்ததா, இளசா என்று சொல்லிவிடலாம். பிரவுன் அதையும் எழுதி வைத்தார். இந்த விகிதத்துக்கு ஒரு தனிப் பலம் உண்டு. காற்று சரியில்லாமல் கழுகுகள் பாதிதான் வந்தன என்றால் முதிர்ந்தவையும் பாதி, இளசும் பாதி. எண்ணியவர் தூங்கிவிட்டார் என்றாலும் அப்படியே. எண்ணிக்கை பொய் சொல்லலாம், இரண்டுக்கும் உள்ள விகிதம் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

1935 முதல் 1939 வரை எண்ணப்பட்ட வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955 முதல் 1959 வரை பார்த்தால் 20 சதவீதம். 1957-இல் மட்டும் எடுத்துக்கொண்டால், 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஒரு இளசு. கழுகுகள் செத்துப்போகவில்லை, பறந்துகொண்டுதான் இருந்தன. வெள்ளைத் தலையோடு கம்பீரமாக வானத்தில் போகிற கழுகைப் பார்த்த எவருக்கும் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. பிள்ளை இல்லாத வீடுகள் அவை என்பது கணக்குப் பார்த்தால்தான் தெரியும். கழுகு நீண்ட ஆயுள் உள்ள பறவை. குஞ்சே பிறக்காமல் போனாலும், கிழடுகள் சாகும்வரை பல வருடங்கள் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோற்றமளிக்கும்.

இந்த எண்களை எடுத்து ஊரறியச் செய்தவர் ரேச்சல் கார்சன். 1945 இலையுதிர்காலத்தில், அமெரிக்க அரசின் மீன் மற்றும் வனவிலங்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பாறையில் வந்து உட்கார்ந்து பருந்து பார்த்தவர் அவர். பல வருடம் கழித்து டி.டி.டி. பூச்சிக்கொல்லியைப் பற்றி எழுதத் தொடங்கியபோது பிரவுனின் பதிவுகள் நினைவுக்கு வந்திருக்கின்றன. 1962-இல் வெளிவந்த அவருடைய 'மௌன வசந்தம்' நூலில் இந்த விகிதங்கள் சாட்சியாக நிற்கின்றன. பக்கத்திலேயே இன்னொரு சாட்சி: சார்லஸ் புரோலி. கனடாவில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதில் ஃபுளோரிடாவின் மரங்களில் ஏறிக் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டத் தொடங்கியவர். பத்து வருடங்களில் ஆயிரம் குஞ்சுகளுக்கு மேல் மாட்டினார். 1958-இல் கடற்கரையோரமாக நூறு மைல் அலைந்து ஒரே ஒரு குஞ்சைத்தான் கண்டார். வடக்கே பாறையில் உட்கார்ந்தவரும் தெற்கே மரமேறியவரும் ஒரே சேதியைச் சொன்னார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கார்சன் எழுதியபோது, டி.டி.டி. கழுகின் வம்சத்தை எப்படி அழிக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1967-இல்தான் பிரிட்டனில் டெரக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானி, பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து ஓட்டை நிறுத்துப் பார்த்தார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து பைரி போன்ற இரைகொல்லிப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்துகொண்டே வந்திருப்பது தெரிந்தது. டி.டி.டி. உடலுக்குள் சிதைந்து டி.டி.இ. என்ற பொருளாகி, ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேர்வதைத் தடுக்கிறது. நீரில் கொஞ்சம், பூச்சியில் அதைவிடக் கூட, சிறுமீனில் இன்னும் கூட, பெருமீனில் அதற்கும் மேல் என்று ஏறி ஏறி, மீன் தின்னும் கழுகிடம் வந்து மொத்தமாகச் சேர்கிறது. அடைகாக்கத் தாய் உட்கார்ந்தால் முட்டை நொறுங்கும். காரணம் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே கணக்கு கையைத் தூக்கிவிட்டது.

கணக்கு அப்படிக் கையைத் தூக்க முடிந்ததற்கு ஒரு தற்செயலும் துணை. டி.டி.டி. அமெரிக்கக் கடைகளில் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது 1945-இல். பிரவுன் எண்ணத் தொடங்கியது 1934-இல். நடுவில் போருக்குப் போனதால் 1943 முதல் 1945 வரை எண்ணிக்கை நின்றுபோனது. ஆக, போருக்கு முந்தைய நோட்டுகள் எல்லாம் விஷம் வராத காலத்தின் பதிவு, பிந்தையவை விஷம் வந்த காலத்தின் பதிவு. எவரும் திட்டமிட்டு இப்படி ஒரு பரிசோதனையை அமைத்திருக்க முடியாது. பிரவுன் பத்து வருடம் தாமதமாக எண்ண ஆரம்பித்திருந்தால், கெட்டுப்போன நிலையையே இயல்பான நிலை என்று எழுதி வைத்திருப்பார்.

1972-இல் அமெரிக்கா விவசாயத்துக்கு டி.டி.டி.-யைத் தடை செய்தது. அதே வருடம் இரைகொல்லிப் பறவைகளும் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. பைரி 1999-லும் வெண்தலைக் கழுகு 2007-லும் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதே பாறையில் இன்று ஒரு பருவத்தில் சில நூறு வெண்தலைக் கழுகுகளை எண்ணுகிறார்கள். ரோசலி எட்ஜ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 'மௌன வசந்தம்' வெளிவந்த அதே 1962-இல் அவர் காலமானார்.

கணக்கு எப்போதும் இப்படி நேராகப் பேசும் என்று நினைத்துவிடக் கூடாது. ஷார்ப்-ஷின்டு என்ற குட்டி வல்லூறு 1980-களுக்குப் பிறகு அமெரிக்காவின் கிழக்குப் பகுதி எண்ணிக்கைகளில் குறைந்துகொண்டே வந்தது. அழிகிறதோ என்ற கவலை எழுந்தது. குளிர்கால எண்ணிக்கையைப் பார்த்தால் வடக்கே அவை கூடியிருந்தன. குளிர் முன்போல் கடுமையாக இல்லை. வீட்டுத் தோட்டங்களில் தானியம் தூவிச் சின்னக் குருவிகளை வரவழைக்கும் பழக்கமும் பெருகிவிட்டது. குருவி இருக்கும் இடத்தில் வல்லூறுக்குச் சாப்பாடு இருக்கிறது, பிறகு எதற்கு ஆயிரம் கிலோமீட்டர் அலைய வேண்டும்? ஒரு பகுதி பறவைகள் பயணத்தைச் சுருக்கிக்கொண்டன. முகட்டில் எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் சாவு மட்டும் இல்லை. அமெரிக்கக் கெஸ்ட்ரல் என்ற சின்னஞ்சிறு வல்லூறும் பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே போகிறது. அதற்கு உறுதியான விளக்கம் இன்றுவரை இல்லை. பூச்சிக்கொல்லியா, கூடு வைக்க மரப்பொந்து இல்லாததா, பெரிய வல்லூறுகள் பெருகி இதைப் பிடித்துத் தின்கின்றனவா என்று விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

எண்ணிக்கையின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹாக் மவுன்டன் சின்ன இடம். மெக்சிகோவின் வெராகுரூஸில், மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள குறுகலான சமவெளியில் ஒரு பருவத்தில் 40 லட்சத்துக்கும் மேல் எண்ணுகிறார்கள். ஜார்ஜியாவில், கருங்கடல் ஓரத்து பாத்துமியில் 10 லட்சத்துக்கும் மேல். கடலின் மேல் எழுகாற்றுக் குமிழ் சரியாக உருவாகாது. அதனால் மிதந்து போகும் பறவைகள் கடலைச் சுற்றிக்கொண்டு கரையோரமாக நெருக்கியடித்துப் போகின்றன. புனலின் வாயில் போய் நின்றுகொண்டால் கண்டமே கண்முன்னால் ஒழுகும்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சைபீரியா, வட சீனப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமூர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் இறங்குகின்றன. ஈசலைத் தின்று கொழுத்த பிறகு இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலின் மேல் நில்லாமல் பறந்து போகின்றன. 2012-இல் அங்கே மீன்வலையை மரங்களுக்கு நடுவே கட்டி அவற்றைப் பிடித்தது தெரியவந்தது. ஒரு பருவத்தில் லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டதாக மதிப்பிட்டார்கள். இங்கேயும் முதல் கணக்கு பிணக்கணக்குதான். அடுத்த வருடமே நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாங்டி ஊர்க்காரர்கள் வலையை நிறுத்திவிட்டார்கள். ரோசலி எட்ஜுக்கு நிலத்தை வாங்க வேண்டியிருந்தது, பாங்டியில் ஊர்க்கூட்டம் போட்ட தீர்மானமே போதுமானதாக இருந்தது.

பிணந்தின்னிக் கழுகுகள் விஷயத்தில் நமக்கு இந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் போனதுதான் பெரிய நஷ்டம். ராஜஸ்தானின் பரத்பூரில் 1980-களிலிருந்து கூடுகளை எண்ணி வைத்திருந்ததால், 1990-களில் அவை மறைவது அங்கே கண்ணில் பட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று பின்னால் தெரிந்து, 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மற்ற ஊர்களில், 'முன்னெல்லாம் நிறைய இருக்கும்' என்று பெரியவர்கள் சொல்வதுதான் மிஞ்சிய பதிவு. நிறைய என்றால் எத்தனை? அதற்குப் பதில் இல்லை. தமிழ்நாட்டில் இன்று அவற்றின் கூடுகளைப் பார்க்க நீலகிரியின் அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

நம்மூரில் மலைமுகட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் செப்டம்பர், அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகின்றன. சேற்றுப் பூனைப்பருந்தைப் பள்ளிக்கரணையிலேயே பார்க்கலாம். நாணலுக்கு மேலே தாழ்வாக, சிறகை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் அலையும். புல்வெளிக்கு வரும் மற்ற வகைகள் பகலெல்லாம் தனித்தனியாக இரை தேடிவிட்டு, பொழுது சாயும்போது ஒரே இடத்தில் கூடித் தரையிலேயே புல்லுக்குள் படுக்கும். தரிசு என்று சொல்லி நாம் பிளாட் போடுவதும் சோலார் தகடு பதிப்பதும் பெரும்பாலும் அந்த மாதிரிப் புல்வெளியில்தான்.

உங்கள் ஊர்ப் பக்கம் அப்படியொரு நிலம் இருந்தால், வாரத்தில் ஒரு மாலை, ஐந்து மணியிலிருந்து இருட்டும்வரை ஒரே இடத்தில் உட்காருங்கள். வந்து இறங்கியவை எத்தனை, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், கூட யார் இருந்தார்கள், மேகம் இருந்ததா என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுங்கள். இனம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதலாம், ஊகித்து எழுத வேண்டாம். ஒன்றும் வராத மாலையில் தேதி போட்டுப் பூஜ்யம் என்று எழுதுங்கள். அடுத்த வருடமும் அதே இடத்துக்குப் போங்கள். மார்ச் வாக்கில் அவை கிளம்பத் தொடங்கிவிடும்.